மஞ்சள் தடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்துவதைத் தடுக்கக் கோரும் மனு

பெறுநர்: மேயர் அவர்கள், கோலாலம்பூர் மாநகர் மன்றம்
அனுப்புநர்: ஜாலான் துன் சம்பந்தன் வட்டாரக் குடியிருப்பாளர்கள், பிரிக்பீல்ட்ஸ்

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, வணக்கம்.

எரிச்சல் தருகிறவர்களைப் பட்டியல் போட்டால் எங்கள் பக்கம் அது முடியாது. நடுராத்திரியில் சைலன்சர் இல்லாத மோட்டாரை உறுமவிடுகிறவர், பொது பார்க்கிங்கில் பூந்தொட்டியை வைத்து இடம் பிடிக்கிறவர், டபுள் பார்க்கிங் போட்டுவிட்டு போன் நம்பர்கூட வைக்காமல் சாப்பிடப் போகிறவர், இவர்களையெல்லாம் ஹார்ன் அடித்தோ திட்டியோ எப்படியோ சமாளித்துவிடுகிறோம். நடைபாதையின் மஞ்சள் தடத்தில் மோட்டாரை ஏற்றி நிறுத்துகிறவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தத் தடம் அழகுக்குப் பதித்ததல்ல, பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் தொட்டு வழி அறியப் பதித்தது. நீளக் கோடு என்றால் நேரே போகலாம், புள்ளி வந்தால் நின்று கவனிக்க வேண்டும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். இங்குள்ள உடம்புபிடி நிலையங்களில் வேலை செய்கிற பார்வையற்றவர்களும் நிறைய பேர். கேஎல் சென்ட்ரலில் இறங்கி அந்தக் கோட்டை நம்பித்தான் நடக்கிறார்கள். மோட்டார் குறுக்கே நின்றால் வெள்ளைக் கோல் சக்கரத்துக்கு அடியில் போய்விடுகிறது, ஹேண்டில் வயிற்றில் இடிக்கிறது, கெண்டைக்காலில் சூடான எக்சோஸ் படுகிறது. சரி, சுற்றிப் போகலாம் என்று சாலையில் இறங்கினால் அங்கே டபுள் சிக்னல் போட்ட கார், அதை ஒதுங்கி வருகிற பஸ். (டபுள் சிக்னல் போட்டுவிட்டால் எங்கேயும் நிறுத்தலாம் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.) கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: "அஞ்சு நிமிசம்தாண்ணே, பொட்டலம் கட்டிட்டுப் போயிடுவேன்." ஒருவருடைய அஞ்சு நிமிசம் முடிவதற்குள் அடுத்தவருடையது ஆரம்பித்துவிடுகிறது. நம் கடைக்காரர்கள் சிலரும் லேசுப்பட்டவர்கள் இல்லை, விளம்பரப் பலகையையும் பூமாலை ஸ்டாண்டையும் அதே தடத்தில்தான் வைக்கிறார்கள். தீபாவளி நேரத்தில் சொல்லவே வேண்டாம்.

பொது இடங்களைப் பயன்படுத்த மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள உரிமையை 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 26-ஆவது பிரிவு சொல்கிறது. வழியை மறிக்கும் வாகனங்களைப் பற்றி 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு பேசுகிறது. ஆகவே புதுச் சட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை.

எங்களுக்கு வேண்டியது, தடத்தின் மேல் நிற்கும் மோட்டாரை இழுத்துக்கொண்டு போவது. சம்மன் மட்டும் கொடுத்தால் அபராதத்தில் தள்ளுபடி எப்போது வரும் என்று காத்திருப்பார்கள், நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. சாயங்காலமும் சனி ஞாயிறும் அமலாக்க அதிகாரிகள் சுற்றி வர வேண்டும். பின் சந்துகளில் மோட்டாருக்கென்று கட்டம் போட்டுக் கொடுத்தால் "நிறுத்த இடமில்லை" என்ற சாக்கும் போய்விடும். அப்புறம், மோட்டார் ஏறுகிற சரிவுகளில் தடுப்புக் கம்பம் நட வேண்டும், அதையும் தடத்தின் நடுவிலேயே நட்டுவிடாமல். எங்கே நடுவது என்று முடிவு செய்வதற்கு முன் பார்வையற்றவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு தெருவை ஒரு நடை நடந்து பாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். காலையில் இந்தத் தெரு ரொம்ப நல்ல பிள்ளை.

நன்றி.

இப்படிக்கு,
பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பாளர்கள்