உன் லென்ஸ் பத்திரமாக இருக்கிறது

சேலம்
14.9.2025

அன்புள்ள மாப்ளே,

நீ கேட்கப்போகும் முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: உன் லென்ஸ் பத்திரமாக இருக்கிறது. ஏறக்குறைய. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முட்டி வலி எப்படி இருக்கிறது? வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். குண்டன் மறுபடியும் சீட்டு ஆரம்பித்திருக்கிறானாமே, உஷாராக இரு.

மருமகனுக்கு நைரோபிக்கு மாற்றலானதிலிருந்தே பெண் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் கிளம்பிவிட்டோம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு வந்த நாளிலிருந்தே உன் தங்கச்சிக்கு இது காட்டுப் பயணமா வைத்தியப் பயணமா என்று சந்தேகம். நைரோபியில் ஒரு வாரம் பேரனைத் தூக்கிவிட்டு மாசாய் மாரா என்கிற மிருகச் சரணாலயத்துக்கு நான்கு நாள். ஐந்தாறு மணி நேர ரோடு. முதலில் என் கண்ணில் பட்டது சிங்கமில்லை, மண். கரிசல் மாப்ளே! அசல் கரிசல். மழை பெய்தால் உங்கள் கோவில்பட்டிப் பக்கம் மாதிரியே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஒரு சாயங்காலம் நாங்கள் மாட்டி, இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுத்தது.

தூசிக்கு காமிராவைப் பாலிதீன் பையில் சுற்றச் சொல்லியிருந்தாய். கென்யாவில் 2017லிருந்து பிளாஸ்டிக் பைக்கே தடை. உன் 600 மில்லிமீட்டர் பூதத்தைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டுபோனேன். ஜீப்புக்குள் ட்ரைபாடை விரிக்க இடமில்லை, எல்லாரும் துணிப்பையில் பீன்ஸ் நிரப்பி ஜன்னல்மேல் போட்டு அதன்மேல் லென்ஸைச் சாய்க்கிறார்கள். நாங்கள் மூன்று கிலோ அரிசியை நிரப்பினோம். திரும்பி வந்ததும் உன் தங்கச்சி அதைக் களைந்து உலை வைத்துவிட்டாள். ஒரு தூசு மிச்சமில்லை என்று சத்தியம் செய்கிறாள்.

படம் எடுக்க நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான். அதற்குமேல் தரை சூடேறி, டெலி லென்ஸில் எதைப் பார்த்தாலும் தோசைக்கல்லுக்கு மேலே பார்த்த மாதிரி நெளிகிறது. பத்து மணிக்கு நான் எடுத்த ஆண் சிங்கம் ஆவியில் வெந்த சிங்கம். கூரையைத் திறந்து நின்றுகொண்டு எடுத்தவை எல்லாமே மாடியிலிருந்து தெருநாயை எடுத்தது போல் வந்திருக்கின்றன. இரண்டாம் நாள் புத்தி வந்து, உட்கார்ந்து ஜன்னல் வழியாக, மிருகத்தின் கண் மட்டத்தில் எடுக்க ஆரம்பித்தேன். ஓடுகிற வரிக்குதிரைக்கு ஷட்டரை முப்பதில் ஒரு பங்கு விநாடிக்கு இறக்கி காமிராவைக் கூடவே இழுத்தால், தலை மட்டும் நின்று கால்கள் நீராக ஓடுகின்றன. நூறு எடுத்ததில் இரண்டு தேறியது. ஸ்டூடியோ மாமா இருந்திருந்தால், 36 படத்துக்கு ஒரு ரோல் கொடுத்து “இதிலே எடுடா பார்ப்போம்” என்றிருப்பார்.

மாரா ஆற்றை வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான்) கூட்டம் தாண்டுவதைப் பார்க்கக் கரையில் நான்கு மணி நேரம் நின்றோம். ஆயிரக்கணக்கில் வந்தன, தண்ணீரைப் பார்த்தன, திரும்பிப் போய்விட்டன. உன் தங்கச்சி அந்த நேரத்தில் போனிலேயே ஒரு பனங்காடையை எடுத்தாள். நம் ஊர்ப் பறவைக்குப் பங்காளிதான், மார்பில் ஊதா பூசியிருக்கிறது. என் படங்களில் பாதிக்கு மேல் அதன் கால்தூசு பெறாது.

அப்புறம் மூன்றாம் நாள் காலை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஏழேகால் மணி இருக்கும். கறையான் புற்றின்மேல் ஒரு சிவிங்கிப்புலி. (சீட்டாதான். சிறுத்தை என்று எழுதினால் தமிழய்யா எழுந்து வந்துவிடுவார், அது வேறு மிருகம்.) கண்ணிலிருந்து வாய்வரை அந்தக் கறுப்புக் கோடு, அழுது மை கரைந்த மாதிரி. கீழே மூன்று குட்டிகள், முதுகில் சாம்பல் பஞ்சை ஒட்டியது போல் முடி. நம் நாட்டில் அற்றுப்போய்விட்டது என்று 1952இலேயே அறிவித்த மிருகம். 2022இல் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விட்ட அன்று போனில் எவ்வளவு நேரம் பேசினோம் நாம்! எனக்குக் கை நடுங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அவள் புற்றிலிருந்து இறங்கினாள். தூரத்தில் தாம்சன் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இந்த மிருகம் என்னதான் வேகம் என்றாலும் சில நூறு மீட்டருக்குமேல் அந்த ஓட்டம் தாங்காது. அதனால் பதுங்கிப் பதுங்கி நெருங்கிவிட வேண்டும், வேட்டையே அந்தப் பதுங்கலில்தான். அவள் ஒரு காலைத் தூக்கினால் வைக்க அரை நிமிடம் ஆகிறது. அப்போது எங்களோடு சேர்த்து மூன்றே வண்டி, நல்ல தூரத்தில்.

எனக்கு முகம் வேண்டியிருந்தது. நீயும்தானே சொன்னாய், “முழு ஃபிரேமுக்கும் முகம், அது இல்லாமல் வராதே” என்று. டிரைவர் முதல் நாள் சொல்லிக்கொடுத்த ஒரே சுவாஹிலி வார்த்தை கரிபு. வாருங்கள் என்றும் அர்த்தம், கிட்டே என்றும் அர்த்தம். “கரிபு, கரிபு” என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் மறுபடியும் சொன்னேன். உள்ளே நுழைய ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் மாப்ளே, நம் காசுக்கு 17,000 ரூபாய்க்கு மேல். அந்தக் கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் மனுஷன் என்னவெல்லாம் கேட்பான்! அவர் பாவம், எஞ்சினைக் கிளப்பினார்.

நாங்கள் நகர்ந்ததும் மற்றவையும் நகர்ந்தன. ரேடியோவில் சேதி போய் இன்னும் வந்தன. ஓரிடத்தில் ஐந்துக்குமேல் நிற்கக்கூடாது என்பது அங்கே விதி. நான் எண்ணியபோது பதினொன்று. அவள் நின்று, திரும்பி, நேராக என்னைப் பார்த்தாள். அமுக்கினேன், விநாடிக்கு 20. அந்த நேரத்தில் மான்களும் தலையைத் தூக்கிவிட்டன. அவ்வளவுதான், கூட்டம் போய்விட்டது. அவள் வெறும் வயிற்றோடு குட்டிகளிடம் திரும்பினாள். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. உன் தங்கச்சியும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பெரிய விஷயம்.

ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து 412 படங்களையும் வரிசையாகத் தள்ளினேன். முதல் படங்களில் இரண்டு காதும் மானைப் பார்த்து நிற்கின்றன. ஒரு கட்டத்தில் இடது காது மட்டும் எங்கள் பக்கம் திரும்புகிறது. நேரத்தைப் பார்த்தேன்: 7.31. அது நான் “கரிபு” சொன்ன நிமிடம். அதற்குப் பிறகு ஒரு படத்தில்கூட அந்தக் காது முன்னால் போகவே இல்லை.

ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். மாராவிலேயே செய்து 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வண்டிகள் குறைவாகப் போகும் இடங்களில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக 2.3 குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. வண்டிகள் மொய்க்கும் இடங்களில் 0.2. ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி! சிங்கமும் கழுதைப்புலியும் ராத்திரியில்தான் அதிகம் இரை தேடும். அவற்றுக்குப் பயந்து இது பகலில் வேட்டையாடுகிறது. பகலில் நாம் போய் நிற்கிறோம், நல்ல வெளிச்சம் வேண்டும் என்று.

படம்? நீ குதிப்பாய். ஒவ்வொரு மீசை முடியும் தெரிகிறது, இரண்டு கண்ணிலும் சூரியன் புள்ளியாக நிற்கிறது. முப்பது வருஷத்தில் நான் எடுத்ததில் இதுதான் சிறந்தது, சந்தேகமே இல்லை. சங்கத்துப் போட்டிக்கு அனுப்பினால் எல்லாரும் “என்ன பார்வை!” என்பார்கள். அந்தப் பார்வை எதற்கு என்று எனக்குத் தெரியுமே. காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையில், பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டிய காமிராவோடு காட்டில் அலைந்ததைப் பற்றி நீ மணிக்கணக்கில் பேசுவாயே, அப்போதெல்லாம் எனக்குக் கொட்டாவி வரும். இப்போது ராத்திரி தூக்கம் வராமல் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசி நாள் சாயங்காலம் டிரைவரே ஒரு மேட்டில் நிறுத்தி, தூரத்தில் கையைக் காட்டினார். அதே தாய்தான் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. உன் பூதத்தை முழுக்க நீட்டியும் புல்லுக்கு நடுவே ஒரு கோடும் சில புள்ளிகளும்தான். வேடந்தாங்கலில் தூரத்துப் பறவை புள்ளியாகத் தெரியுமே, அதே மாதிரி. பெரிதாக்கிப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். மூன்று புள்ளி இருக்கிறது.

இரண்டையும் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். போட்டிக்கு எதை அனுப்புவது, அனுப்பலாமா என்று எழுது. தத்துவம் வேண்டாம், ஒரு வரி போதும்.

லென்ஸ் விஷயம். கண்ணாடியில் கீறல் இல்லை, ஃபோகஸ் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆற்றங்கரையில் காத்திருந்தபோது முன்னால் மாட்டுகிற ஹூட் கழன்று ஜன்னல் வழியாக விழுந்துவிட்டது. பத்தடி தூரத்தில் கண்ணெதிரே கிடந்தது. வண்டியை விட்டு இறங்கக்கூடாது. அதற்குள் ஒரு நீர்யானை வந்து அதன் பக்கத்தில் நின்றுகொண்டது. புதிது வாங்கித் தருகிறேன், விலையை மட்டும் விசாரித்துச் சொல்.

உன்
ஒல்லி