அந்த வரிகளைத் திரும்பச் சேருங்கள்

நினைவகத்தின் கல்விப் பிரிவினருக்கு வணக்கம்.

யூத இனப்படுகொலை பற்றி ஆசிரியர்களுக்கு நீங்கள் அனுப்பிய வாசிப்புத் தொகுப்பு கிடைத்தது. நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பிய எலீ வீசலின் 'இரவு' நூலிலிருந்து, ஆஷ்விட்ஸ் முகாம்களில் ஒன்றான பூனாவில் ஒரு பீப்பல் சிறுவனைத் தூக்கிலிட்ட பகுதியை வைத்திருக்கிறீர்கள். எடை இல்லாத உடம்பு என்பதால் அரைமணி நேரத்துக்கும் மேல் அவன் உயிர் ஊசலாடியதை மாணவர்கள் படிக்கலாம். ஆனால் பீப்பல் என்றால் யார் என்று சொல்லும் வரிகளை மட்டும் வெட்டிவிட்டீர்கள். ஏன் என்று கேட்டு எழுதினேன். 'மாணவர்களின் வயதுக்கு ஏற்றதல்ல' என்று பதில் வந்தது.

சரி, அந்தப் பையன்களுக்கு என்ன வயது?

உங்களுக்குத் தெரியாததில்லை. காப்போக்கள், அதாவது மற்றக் கைதிகளை மேய்க்க நாஜிகள் அமர்த்திய கைதிகள், தங்களுக்கென்று வைத்துக்கொண்ட சிறுவர்கள் அவர்கள். படுக்கை விரிக்க வேண்டும், பூட்ஸ் துடைக்க வேண்டும், பலரிடம் உடம்பையும் கேட்டார்கள், பதிலுக்குக் கொஞ்சம் கூடுதல் ரொட்டி, கொஞ்சம் சூப், இன்னும் சில நாள் உயிர். படுக்கையைச் சரியாகப் போடவில்லை என்று 13 வயதுப் பையன் ஒருவன் பெற்ற அப்பாவையே அடித்ததைப் பார்த்ததாக வீசல் எழுதுகிறார். முகாம் ஒரு பிள்ளையை என்ன செய்தது என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? சிறுவர்களை வைத்து நடந்த வியாபாரத்தைப் பற்றி அவர் சொல்வதே ஓரிரு வரிதான். அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

பிள்ளைகள் சொன்னதை யார்தான் காது கொடுத்துக் கேட்டார்கள்? முகாமுக்குப் போகாமல் நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்த பிள்ளைகளிலும், அடைக்கலம் கொடுத்த வீடுகளிலேயே அடி வாங்கியவர்கள், கூலியில்லாமல் வேலை செய்தவர்கள், வெளியே சொல்ல முடியாததை அனுபவித்தவர்கள் உண்டு. போர் முடிந்ததும் 'நீ சின்னப்பிள்ளை, உனக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது' என்று வாயை அடைத்தார்கள். அப்படி ஒளிந்து வாழ்ந்தவர்கள் உலகெங்கிலுமிருந்து நியூயார்க்கில் முதன்முறையாக ஒன்றுகூடியது 1991இல்தான். அதற்குப் பிறகு வில்கோமிர்ஸ்கி என்ற பெயரில் ஒருவர் தன் சிறுவயது அனுபவம் என்று பொய்யாக எழுதிய முகாம் கதையைப் பதிப்பகங்களும் விருதுக் குழுக்களும் தலையில் வைத்துக் கொண்டாடின. உண்மையில் அனுபவித்தவர்களின் வரிகள்தான் இன்றைக்கும் வெட்டுப்படுகின்றன என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

என் மாணவர்களுக்கு 15 வயது. 1944 மே மாதம் ஆஷ்விட்ஸில் வந்து இறங்கியபோது வீசலுக்கும் 15தான். எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்பதை என்னிடம் விடுங்கள், அது என் வேலை. ஜூனில் வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் அந்த வரிகளைச் சேர்த்து அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்