மின்மினி பார்க்க இருட்டுத் தந்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், எங்கள் பிள்ளைகளின் பெற்றோருக்கும், தோட்டக்காரர்களுக்கும், ஊராட்சிப் பணியாளர்களுக்கும் அன்பான வணக்கம்.

ஆனைமலை அடிவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். இந்த மழைக்காலத்தில் எங்கள் வகுப்பில் நடந்த மின்மினிப் பாடத்தைப் பற்றி ஊரில் நல்லவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். வழியில் பார்ப்பவர்களெல்லாம் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அந்தப் பாராட்டு வந்து சேர்வது முறையாகாது. மின்மினியைச் சொல்லித் தர இருட்டு வேண்டும். ஈர மண் வேண்டும். கொளுத்தாமல் விட்ட சருகு வேண்டும். இவற்றில் ஒன்றுகூடப் பள்ளிக்கூடத்தின் கையில் இல்லை. கேட்டதும் தந்தவர்கள் நீங்கள். யாருக்கு எதற்காக நன்றி என்பதை எல்லோரும் அறிய எழுதிவைக்க விரும்புகிறேன்.

“மின்மினியைப் பற்றி என்ன தெரியும்?” என்று முதல் நாள் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துக் கேட்டேன். “வயிற்றில் பேட்டரி இருக்கிறது டீச்சர்” என்றான் ஒருவன். “தொட்டால் சுடும்” என்றாள் ஒரு சிறுமி. பல பிள்ளைகள் அதை நேரில் பார்த்ததே இல்லை, கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். இத்தனைக்கும் ஆனைமலைப் புலிகள் காப்பகம் எங்களுக்குத் தலைக்கு மேலே இருக்கிறது. அங்கே 2022 ஏப்ரலில் மின்மினிகள் கணக்கற்றுக் கூடி, மரத்துக்கு மரம் ஒரே தாளத்தில் ஒளிர்ந்தது பெரிய செய்தியாயிற்று. அந்தக் காட்டில் ஸ்ரீராம் முரளி எடுத்த படம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2023-ஆம் ஆண்டு பரிசு பெற்றது. எங்கெங்கோ இருப்பவர்கள் அந்தப் படத்தை வியந்து பார்க்கையில், மலையடிவாரத்துப் பிள்ளை மின்மினியை அறியாமல் வளர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தொடங்கியது அப்படித்தான்.

சுடுமா, சுடாதா என்ற கேள்வியைத் தீர்த்துவைத்தவர், மாசாணியம்மன் கோவில் திருவிழாவில் ஒளிரும் வளையல் விற்கும் அண்ணன். விற்றது போக மீந்திருந்தவற்றைக் காசு வாங்காமல் கொடுத்தனுப்பினார். வளையலை வளைத்தால் உள்ளே மெல்லிய கண்ணாடிக் குழாய் உடைந்து, இரண்டு திரவங்கள் கலந்து வெளிச்சம் வருகிறது, சூடு வருவதில்லை. பக்கத்தில் பழைய குண்டு பல்பு ஒன்றையும் எரியவிட்டு, இரண்டுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னேன். மின்மினியின் உடலில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் எதற்கு? வயிற்றுக்குள் இருக்கும் ஒரு பொருளும் காற்றும் சேர்ந்தால் சூடில்லாத வெளிச்சம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். “அப்படியென்றால் காற்றை நிறுத்தினால் வெளிச்சம் அணைந்துவிடுமா டீச்சர்?” என்று இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஒளி உறுப்புக்குள் போகும் ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தித்தான் மின்மினி விட்டுவிட்டு ஒளிர்கிறது.

அடுத்து, பேருந்து நிறுத்தத்துத் தையல்காரருக்கு. எங்கள் வகுப்பறைக்கு நான்கு சன்னல்கள். “பகலிலேயே இருட்டு வேண்டும் அண்ணா” என்றதும் நாடாவை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். சன்னல்களை அளந்தவர், கதவுக்கு மேலே இருக்கும் காற்றுப் போக்கியையும் நாற்காலி போட்டு ஏறி அளந்தார். அதை நான் கவனித்திருக்கவே இல்லை. கறுப்புத் துணியை இரட்டையாக மடித்துத் தைத்து, ஓரத்தில் ஆணியில் மாட்ட வளையமும் வைத்துத் தந்தார். துணிக்கு மட்டும் பணம் வாங்கினார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அந்தத் திரைகளை மாட்டிவிட்டு நாங்கள் விளையாடிய விளையாட்டுதான் இந்தப் பாடத்தின் உயிர். பிள்ளைகளின் கையில் சிறிய கைவிளக்கு. அதன் முகப்பில் மஞ்சள் கண்ணாடித்தாள். பாதிப் பேர் பறக்கும் மின்மினிகள், மீதிப் பேர் புல்லில் காத்திருக்கும் மின்மினிகள். ஒருவருக்கும் தெரியாமல் காதோடு காதாக ஒவ்வொருவருக்கும் ஒரு தாளம் சொல்லப்படும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, குட்டையாக மூன்று, இப்படி. பறப்பவர்கள் தங்கள் தாளத்தை மினுக்கிக்கொண்டே நடக்க வேண்டும். தரையில் இருப்பவர் தம் தாளம் தெரிந்தால் மட்டும் பதில் மினுக்க வேண்டும். பேச்சு கூடாது. மின்மினிகளில் பல இனங்கள் இப்படித்தான் இணையைக் கண்டுபிடிக்கின்றன. இருட்டில் ஒவ்வொரு ஜோடியும் சீக்கிரமே சேர்ந்துவிட்டது. பிறகு எதுவும் சொல்லாமல் டியூப் லைட்டைப் போட்டுவிட்டு, மறுபடி விளையாடச் சொன்னேன். கைவிளக்குகள் மினுங்குவதே சரியாகத் தெரியவில்லை. ஒரு பையன் வகுப்பின் நடுவில் நின்று விளக்கை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, “என்னை யாருமே கூப்பிடவில்லை டீச்சர்” என்றான். கண் கலங்கியிருந்தது. “விளக்கை அணையுங்கள்” என்று மற்ற பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். செயற்கை வெளிச்சம் மின்மினிகளின் பெருக்கத்தைக் கெடுக்கிறது என்று நான் வாயால் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

அந்தப் பையனின் அம்மாவுக்கு என் தனிப்பட்ட நன்றி. அவர்கள் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்புறம் விடிய விடிய எரிந்துகொண்டிருந்த எல்.இ.டி. விளக்கை, மகன் சொன்னதற்காக அன்றிரவே அணைத்துவிட்டார். இப்போது தேவைப்படும்போது மட்டும் போடுகிறார்.

தூக்கணாங்குருவி தன் கூட்டில் களிமண்ணை ஒட்டி, அதில் மின்மினியைப் பதித்து விளக்கு வைத்துக்கொள்ளும் என்ற கதையை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். மேற்குத் தெரு அம்மாயி ஒரு மதியம் பள்ளிக்கு வந்து அந்தக் கதையை அபிநயத்தோடு சொன்னார்கள். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள். “உண்மைதானா என்று பார்த்துவிடலாமா?” என்றேன். அம்மாயிக்குக் கோபம் வருமோ என்று தயங்கினேன்; “எனக்கும் பார்க்கணும் கண்ணு” என்று அவர்களே முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். தேங்காய் பறிக்கும் அண்ணன் ஒருவர், குருவி விட்டுப்போன பழைய கூடு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பிரித்துப் பார்த்தோம். உள்சுவரில் காய்ந்த களிமண் அப்பல்கள் இருந்தன. விரலால் சுரண்டினால் உதிர்ந்தன. மின்மினியோ அதன் சிறகோ இல்லை. “மண் இருக்கிறது, விளக்கு இல்லை” என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரே கூட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாமா என்று ஒருவன் கேட்டதால், இன்னும் கூடுகள் தேடிக்கொண்டிருக்கிறோம். அம்மாயியும் தேடுகிறார்கள். கதை சொன்னதற்கும், அதைச் சோதிக்க விட்டதற்கும் அவர்களுக்கு நன்றி.

வாய்க்கால் கரைத் தோட்டத்து அப்பிச்சிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து வாய்க்கால் ஓரம் இருக்கும் அவருடைய தோப்பில்தான் மின்மினியின் புழு எங்களுக்குக் கிடைத்தது. தென்னை மட்டையைப் புரட்டிய இடத்தில், ஓட்டுக் கூரை அடுக்கியது போலத் தட்டையான கட்டங்களோடு கறுப்பாக ஒன்று ஊர்ந்தது. “இதைப் பார்த்தாலே மிதித்துவிடுவேன் அம்மணி, ஏதோ பயிரைத் தின்கிற பூச்சி என்று நினைத்திருந்தேன்” என்றார். அது தின்பது நத்தையையும் ஓடில்லாத இலை நத்தையையும் என்று சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஈர மண் போட்ட தட்டில் புழுவையும் சிறு நத்தை ஒன்றையும் விட்டோம். புழு நத்தையின் மேல் ஏறியது, தலையை நீட்டிக் கடித்தது, விட்டது, மறுபடி கடித்தது. கடிக்கும்போது உள்ளே செலுத்தும் நஞ்சால் நத்தை மெல்ல மெல்ல அசைவற்றுப் போயிற்று. சில பிள்ளைகள் நத்தைக்காக அழுதார்கள். அழட்டும் என்று விட்டேன். அழுகை ஓய்ந்ததும் பேசினோம். அப்பிச்சி மட்டும் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நத்தை அவருடைய நாற்றுகளைத் தின்று தீர்க்கிற தொல்லை.

மின்மினி ஒளிர்ந்து பறக்கும் பருவம் சில வாரங்கள்தான். அதற்கு முன் புழுவாக மண்ணிலும் சருகுக்கடியிலும் மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கு மேலும்கூட வாழ்கிறது. ஆகவே கரையில் களைக்கொல்லி அடித்தாலோ சருகைக் குவித்துக் கொளுத்தினாலோ, வரப்போகும் மின்மினிகள் சேர்ந்தே போய்விடும். இதைக் கேட்டபின் அப்பிச்சி தம் தோப்பில் வாய்க்காலை ஒட்டிய பட்டையில் மருந்தடிப்பதை நிறுத்திவிட்டார். ஆள் வைத்துப் புல் அறுக்கிறார். அது செலவு கூடிய வழி. விவசாயக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். புழுவை அன்று மாலையே எடுத்த இடத்தில் விட்டுவிட்டோம்.

எங்கள் பள்ளியில் படித்து, இப்போது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவி, விடுமுறைக்கு வந்தபோது கைக்கண்ணாடிகளோடு வந்து உதவினாள். முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த வண்டு என்ற நான்கு நிலைகளையும் பிள்ளைகள் களிமண்ணில் செய்தது அவள் மேற்பார்வையில்தான். களிமண் தந்த மண்பானைக் கடைக்காரருக்கும், கால்களை எண்ணிக் கூட்டப் புளியங்கொட்டை சேர்த்துத் தந்த சத்துணவு அக்காவுக்கும், இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கித் தந்த தலைமையாசிரியை அவர்களுக்கும் நன்றி.

இனி அந்த இரவைப் பற்றி.

வாய்க்கால் ஓரத் தெருவில் விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்து வைக்க முடியுமா என்று ஊராட்சியில் கேட்டேன். மறுப்பார்கள் என்றே எண்ணிப் போனேன். தலைவர், வீட்டுக்கு வீடு கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அப்படியே கேட்டும் வந்தார். தண்ணீர்த் தொட்டி இயக்குபவர்தான் எங்கள் ஊரில் தெருவிளக்கையும் போடுகிறவர். அவர் கம்பத்தடியிலேயே கைவிளக்கோடு நின்றுகொண்டு, அவசரத்துக்கு யாராவது குரல் கொடுத்தால் உடனே போடத் தயாராக இருந்தார். டீக்கடைக்காரர் வியாபாரம் நடக்கும் நேரத்தில் பெயர்ப்பலகை விளக்கை அணைத்தார். ஒரு வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தது. விளக்கை அணைக்க வேண்டாம் என்று நாங்களே சொல்லியும், அந்தத் தாய் சன்னலுக்குச் சேலை கட்டி வெளிச்சம் வெளியே வராமல் பார்த்துக்கொண்டார்.

அப்பாக்கள் சிலர் தடியால் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். மழைக்காலத்தில் பாம்பு வரும் இடம் அது. கைவிளக்குகளுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தோம். சாக்கு விரித்து உட்கார்ந்தபோது பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. “எங்கே டீச்சர், எங்கே டீச்சர்” என்ற முணுமுணுப்புதான். கண் இருட்டுக்குப் பழக நேரம் பிடிக்கும். முதலில் வேலியோரம் ஒன்று. பிறகு வாய்க்காலின் அக்கரையில் இரண்டு மூன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. தொட்டால் சுடும் என்று முதல் நாள் சொன்ன அந்தச் சிறுமியின் சட்டைக் கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். தலையை மூடிய சிறு கேடயம், கருமையான சிறகுமுனை, வயிற்றின் கடைசிக் கட்டங்களில் ஏறி இறங்கும் இளம்பச்சை வெளிச்சம் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்த பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். ஒரு கைகூட அதைப் பிடிக்க நீளவில்லை. சின்ன வயதில் இவற்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்த அப்பாக்கள், தங்கள் பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றார்கள்.

வேலை முடிந்து களைத்து வந்த நேரத்தில் பிள்ளைகளை அழைத்து வந்த ஒவ்வொரு தாய் தந்தையருக்கும், வராவிட்டாலும் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும், அன்று தொலைக்காட்சித் தொடரைத் தவறவிட்ட பாட்டிமார்களுக்கும் பிள்ளைகளின் சார்பில் நன்றி.

ஜூலை முதல் வார இறுதியில் உலக மின்மினி நாள் வருகிறது. அடுத்த ஆண்டு அதையொட்டி மறுபடி ஒரு மணி நேர இருட்டுக் கேட்டு வருவோம். கிழக்குத் தெருக்காரர்கள், தங்கள் பக்கமும் விளக்கை அணைக்கத் தயார் என்று இப்போதே சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

கறுப்புத் திரைகளும், மஞ்சள் தாள் ஒட்டிய கைவிளக்குகளும் பள்ளி அலமாரியில் இருக்கின்றன. பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் யாருக்காவது வேண்டுமானால் வேலை நாட்களில் மாலை நான்கு மணிக்கு மேல் வந்து வாங்கிப் போகலாம். நத்தை வைத்த தட்டும் தருகிறோம். புழுவை மட்டும் அவரவர் ஊர் மண்ணிலேயே தேடிக்கொள்ளுங்கள்.

மிக்க நன்றியுடன்,
வகுப்பாசிரியை,
ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு