மல்லிகாவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

தண்டையார்பேட்டை,
செப்டம்பர் 2025

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. திருப்பூரில் பேத்தியை அரசுப் பள்ளியில் சேர்த்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அங்கே போடும் சாப்பாட்டை அவள் சாப்பிடலாமா என்று உன் மருமகள் தயங்குவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாகச் சாப்பிடட்டும் என்று சொல். என் பேரன் இங்கே மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவன் தட்டில் என்ன விழுகிறது என்று தினமும் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

நாம் மூன்றாவது படிக்கும்போதுதானே சத்துணவு வந்தது? 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கிராமங்களில் தொடங்கி, செப்டம்பரில் நகரங்களுக்கும் கொண்டுவந்தார். சோறும் சாம்பாரும்தான். விறகுப் புகை வகுப்புக்குள் வந்து கண்ணைக் கரிக்கும். ஆயா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே நம்மை அதட்டுவார். அம்மா இருட்டோடு எழுந்து காசிமேட்டு ஏலத்துக்குப் போய்விடுவாள். கூடையோடு தெருத்தெருவாகச் சுற்றி, மீன் விற்றுத் திரும்பும்போது மதியம் தாண்டிவிடும். அதுவரை என் வயிற்றில் போனது அந்த சாம்பார் சோறுதான்.

அதைவிட எனக்கு ஆறாதது அந்த வரிசை. டிபன் பாக்ஸ் கொண்டுவந்த பிள்ளைகள் ஒரு பக்கம், அலுமினியத் தட்டோடு நாம் ஒரு பக்கம். 'சத்துணவு' என்று நம்மைக் கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். பசிக்குச் சாப்பிடும் குழந்தையை அப்படிக் கூப்பிட எப்படி மனசு வந்தது என்று இன்றும் கோபம் வருகிறது.

முட்டை நமக்குக் கிடைக்கவில்லை. 1989-ல் கருணாநிதி பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தபோது நாம் பத்தாவது போய்விட்டோம், என் தம்பிக்குத்தான் கிடைத்தது. அது கூடிக்கூடி 2010-ல் வாரத்துக்கு ஐந்தானது. அப்புறம் ஜெயலலிதா காலத்தில் கலவை சாதங்கள். தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், காய்கறி பிரியாணி, மசாலா முட்டை என்று பேரன் சொல்லும்போது கேட்கவே நன்றாக இருக்கிறது.

ஆனால் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் காலை நாஷ்டாதான் என்பேன். 2022 செப்டம்பரில் தொடங்கியது. இங்கே பொதுச் சமையல்கூடத்தில் விடியற்காலையிலேயே சமைத்து, வண்டியில் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோகிறார்கள். பொங்கல், சாம்பார், ரவா கிச்சடி. காசிமேட்டுக்கும் கம்பெனிகளுக்கும் வீட்டு வேலைக்கும் விடியுமுன் கிளம்பும் அம்மாக்கள் நிறைந்த ஏரியா இது. மதியம் சோறு போட்டாலும், அதுவரை காலி வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை தலையில் கணக்கு ஏறாது. அதை நாம் அனுபவித்திருக்கிறோம். போன மாதம் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் இதைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் விதை போட்டவர் பெயரில் நம் வண்ணாரப்பேட்டையில் கல்லூரி இருக்கிறது, இப்போது மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கிறது. சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு அணாவுக்குள் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். பிள்ளைகள் வரவு கூடியது. ஆரம்பக் கல்விக்கான பணத்தை இதற்கு எடுக்கக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு சொல்லிவிட, 1925-ல் நின்றுபோனது. பிறகு 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கும்வரை எத்தனை பிள்ளைகள் பட்டினியோடு பள்ளியை விட்டுப் போயிருப்பார்கள், சொல்.

ஒரு குறை மட்டும் மனதை அறுக்கிறது. காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். எதிர்வீட்டுப் பெண் ஏழாவது படிக்கிறாள், தம்பி இரண்டாவது, இருவரும் ஒரே நடுநிலைப் பள்ளி. அவனைத் தட்டின் முன் உட்காரவைத்துவிட்டு அவள் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகிறாள். வளரும் வயசு, பெண் பிள்ளை வேறு. எட்டாம் வகுப்பு வரையாவது கொடுக்கச் சொல்லி எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். வரும் வாரம் கவுன்சிலரைப் பார்த்துக் கொடுக்கிறோம். உங்கள் ஊரிலும் பெற்றோர்களிடம் பேசு. மனுவின் நகல் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும்.

அன்புடன்,
சாந்தி