குழாய்த் தடம் அறிந்தவர்கள் ஓய்வு பெறும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஐப்பசியில் எங்கள் கடைமடை ஊரில் ஐந்து நாட்கள் குடிநீர் வரவில்லை. பிரதான குழாய் உடைந்ததுதான் காரணம் என்றாலும், உடைப்பை அடைக்க ஒரு பகல் பொழுதே போதுமானதாக இருந்தது. மீதி நாட்களெல்லாம், உடைப்புக்கு மேற்புறம் தண்ணீரை நிறுத்த வேண்டிய வால்வு எங்கே புதைந்து கிடக்கிறது என்று தேடுவதிலேயே கழிந்தன. மோட்டாரையே நிறுத்திவிடலாம், ஆனால் அப்போது மேற்கேயுள்ள கிராமங்களுக்கும் தண்ணீர் நின்றுவிடும், குழாயில் தங்கியிருப்பது முழுவதும் தாழ்வான எங்கள் பக்கம் வடிந்து, வெட்டிய குழியை நிரப்பிவிடும். அலுவலக வரைபடத்தில் அந்த வால்வுக்கு ஒரு குறி இருந்தது. அந்த இடத்தில் ஆள் உயரத்துக்குத் தோண்டியும் களிமண்தான் வந்தது.

கடைசியில், பணி ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகளாகிவிட்ட பழைய ஆபரேட்டரை மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து அழைத்து வந்தார்கள். தூங்குமூஞ்சி மரத்திலிருந்து மேற்கே பதினெட்டுத் தப்படி என்பது அவருடைய கணக்கு. அந்த மரம் 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் சாய்ந்துவிட்டது. அதன் பிறகும் அடிக்கட்டை அடையாளமாக நின்றதாம். அவர் ஓய்வு பெற்றபின் சாலையை அகலப்படுத்தியவர்கள் அதையும் பெயர்த்துவிட்டார்கள். பெரியவர் சற்று நேரம் திகைத்து நின்றார். பிறகு மோட்டாரைக் கொஞ்சம் ஓட்டச் சொல்லிவிட்டு, கடப்பாரையைத் தரையில் ஊன்றி அதன் மேல்முனையில் காதை வைத்து, அடிக்கு அடி நகர்ந்து கேட்டுக்கொண்டே போனார். அந்த வால்வு எப்போதும் பாதிதான் திறந்திருக்கும், ஆகையால் அங்கே மட்டும் தண்ணீரின் சத்தம் சீறலாக மாறும் என்றார். சத்தம் மாறிய இடத்தில் தோண்டியபோது வால்வு கிடைத்தது.

கிடைத்ததோடு விஷயம் முடியவில்லை. இளைஞர் ஒருவர் சாவியை வழக்கம்போல வலப்புறம் திருகப் போக, "தம்பி, இது மத்ததுக்கு நேர்மாறு. அந்தப் பக்கம் திருகினா திறக்கும்" என்று பெரியவர் தடுத்தார். பழுது பார்த்த பிறகு முழுவதும் திறக்கப் போனபோதும், "பதினாலு சுத்துக்கு மேல வேணாம்" என்றார். கீழ்ப்பக்கம் இருப்பது பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்; முழு அழுத்தத்தையும் அது தாங்காது என்பதற்காகவே அந்த வால்வு இத்தனை ஆண்டுகளாகப் பாதி திறந்தபடி இருந்திருக்கிறது. நீரேற்று நிலையத்தின் பதிவேட்டில் வோல்டேஜ், ஆம்பியர், மோட்டார் ஓடிய மணி என்று கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். ஒன்றை ஏன் இப்படி வைத்திருக்கிறோம் என்று எழுதுவதற்கு ஒரு கட்டமும் இல்லை.

வால்வோடு நிற்கிற விஷயமும் அல்ல இது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு என்பதால், எங்களைப் போன்ற ஊர்களுக்குக் கொள்ளிடத்து மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்தே தண்ணீர் வருகிறது. கல்லணையில் பாசனத்துக்கான நீர் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் போய்விடும். கொள்ளிடம் வெள்ளத்தை வடிக்கும் ஆறு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கப்பட்டாலும், உபரி நீர் வராத ஆண்டில் கொள்ளிடத்து மணல் நனையாது. அப்படிப்பட்ட கோடையில் எந்தக் கிணற்றை எத்தனை மணி நேரம் ஓய விட்டால் ஊறும், எது மணலை இழுக்கும், வெள்ளம் வந்து நீர் கலங்கும்போது குளோரினை எவ்வளவு கூட்டினால் வழியெல்லாம் குறைந்தது போகக் கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சும் என்பதெல்லாம் பல ஆண்டுகள் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கே பிடிபடும்.

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. கற்றுக்கொள்ளக் கிடைத்த இரண்டு ஆண்டு அவகாசமாக அதை எடுத்துக்கொண்டிருக்கலாம்; எங்கள் ஊரில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஓய்வு நாளன்று சால்வையும் மாலையும் போட்டுப் படம் எடுத்தார்கள். மறுநாள் காலை சாவிக்கொத்து மேசையில் கிடந்தது, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்ற விவரம் இல்லாமல். இடம் காலியான பிறகே அடுத்தவரைப் பற்றி யோசிப்பது என்ற நடைமுறை இருக்கும்வரை, போகிறவரும் வருகிறவரும் ஒரு நாள்கூடச் சேர்ந்து வேலை பார்க்கப் போவதில்லை. இப்போது பல நிலையங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களே மோட்டார் இயக்குகிறார்கள். ஒப்பந்தக்காரர் மாறினால் ஆளும் மாறிவிடுகிறார். அவர் ஓராண்டில் தெரிந்துகொண்டதும் அவரோடு போய்விடுகிறது.

தெரிந்தவர்கள் சொல்லித் தருவதில்லை என்றும் ஒரு புகார் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால், குறைந்த சம்பளத்தில் காலம் தள்ளியவருக்கு அந்த ஊரில் இருக்கும் ஒரே மதிப்பு அவர் தெரிந்து வைத்திருப்பதுதான். அதைச் சும்மா ஒப்படைத்துவிட்டுப் போ என்று கேட்பது நியாயமாகப் படவில்லை. ஓய்வு பெற்றபின் ஓராண்டுக்காவது, கூப்பிடும் நாளுக்கு உரிய படியைக் கொடுத்து அவரை அழைக்கலாம். எங்கள் பெரியவருக்கு அன்று கிடைத்தது ஒரு டீயும் பெட்ரோல் காசும்.

ஓர் ஆபரேட்டரின் ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே, அவருக்குப் பின் வரப்போகிறவரும் இளநிலைப் பொறியாளரும் அவரோடு குழாய்த் தடம் முழுவதும் நடக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒவ்வொரு வால்வுக்கும் பாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயில் மதில் போன்ற அசையாத இரண்டு இடங்களிலிருந்து டேப் பிடித்து அளந்து குறிக்க வேண்டும். மரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எந்தப் பக்கம் திருகினால் மூடும், எத்தனை சுற்று, அது எந்தத் தெருக்களுக்குப் போகிறது, ஏன் அப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பவை தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய வரைபடம் பீரோவுக்குத்தான் பயன்படும். படிவம் நிரப்புவது பெரியவர்களுக்குச் சிரமம் என்றால், நடந்துகொண்டே அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து, பிறகு எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் பகுதியில் இன்னொரு ஆபரேட்டர் வரும் ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார். தம் பொறுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட வால்வுகள் இருப்பதாகவும், அவற்றில் சிலவற்றைத் தம்மைத் தவிர யாரும் திறந்து பார்த்ததில்லை என்றும் சொன்னார். மார்கழி வரை வால்வுக் குழிகளில் மழைநீர் நிற்கும். ஆகவே தை பிறந்ததும் அவரோடு நடக்க ஆள் அனுப்பும்படி சம்பந்தப்பட்ட அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.