கட்டைவிரலும் கையெழுத்துதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஆளிவிதை ஒப்பந்தத்தின் படத்தைப் போனில் அனுப்பி, உறுதிசெய்யச் சொன்ன தானிய நிறுவனத்துக்கு ஒரு விவசாயி கட்டைவிரல் எமோஜியைப் பதிலாகப் போட்டார், 'வந்து சேர்ந்தது' என்ற அர்த்தத்தில்தானாம். சரக்கு போகவில்லை, வழக்கு வந்தது. 2023இல் நீதிமன்றம் அந்த எமோஜியைக் கையெழுத்தாகவே ஏற்று, 82,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் தோற்றார், மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் இது கையெழுத்தாகாது என்றார். முன்பெல்லாம் 'ஓகே' என்று ஒரு வார்த்தை போட்டே இவர் சரக்கு அனுப்பியிருக்கிறார், அப்புறம் எமோஜிக்கு மட்டும் வேறு அர்த்தம் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்குத் தீர்ப்பு சரியாகத்தான் படுகிறது. இப்போதெல்லாம் வியாபாரச் செய்திகளுக்கு 'பார்த்தேன், பிறகு சொல்கிறேன்' என்று முழுசாக டைப் செய்துவிடுகிறேன்.

- ஒரு வாசகர்