மெட்டாலிக்கா மெட்டல் இசைக்குழுவுக்கு ஒரு மடல்: அந்தப் பாட்டிடம் மட்டும் ஏன் ஓரவஞ்சனை?

அன்புள்ள ஜேம்ஸ், லார்ஸ், கிர்க், ராப்,

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். 'தி ஃப்ரேய்டு எண்ட்ஸ் ஆஃப் சானிட்டி' பாட்டை அடிக்கடி வாசிக்க உங்களுக்கு என்ன தடை?

இந்தப் பாட்டு இருக்கிற '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பம் வந்தது 1988-இல். இந்தப் பாட்டை நீங்கள் முதன்முதலாக முழுசாக மேடையில் வாசித்தது 2014 மே 28 அன்று, ஹெல்சிங்கியில். நடுவில் கிட்டத்தட்ட 26 வருஷம்! தொண்ணூறுகளில் அந்த ஆல்பத்துப் பாட்டுகளை வெட்டி ஒட்டி மெட்லியாக வாசித்தபோது இதிலிருந்தும் ஒரு துண்டு வந்தது, ஆனால் அதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன், விருந்துக்குக் கூப்பிட்டு ஊறுகாயை மட்டும் வைத்த மாதிரி அது. அதே ஆல்பத்து 'டையர்ஸ் ஈவ்' கூட 2004-இல் மேடையேறிவிட்டது, 'டு லிவ் இஸ் டு டை' 2011-இல். கடைசிப் பந்திக்குக் காத்திருந்தது இது ஒன்றுதான். அதுவும் நீங்களாக வைத்த இலை இல்லை, டிக்கெட் வாங்கியவர்கள் ஓட்டுப் போட்டுப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்த சுற்றுப்பயணம் அது, ஃபின்லாந்துக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள் எங்கள் ஊரில். இந்தப் பாட்டில் வரும் ஆளுக்கு இருட்டே வேண்டாம், தன் மண்டைக்குள் இருப்பதைப் பார்த்துத்தான் அரண்டு போகிறான். தொடக்கத்தில் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்துக் காவலாளிகளின் அந்த "ஓ-வீ-ஓ" முழக்கம், குழந்தைகள் பார்க்கிற 1939-ஆம் வருஷத்துப் படத்திலிருந்து எடுத்தது, ஒரு மைதானமே சேர்ந்து அதை முழங்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இன்னொரு பெரிய காரணம் பாஸ் கிட்டார். அந்த ஆல்பத்தில் உங்கள் அன்றைய பாஸ் கிட்டார்காரர் ஜேசன் நியூஸ்டெட் வாசித்ததைக் காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும், 2018-இல் மறுபடி வெளியிட்டபோதும் மிக்ஸை, அதாவது எந்தக் கருவி எவ்வளவு கேட்க வேண்டும் என்கிற ஒலிக்கலவையை, நீங்கள் தொடவில்லை. சரி, அது உங்கள் முடிவு. அப்படியென்றால் இந்தப் பாட்டுக்குப் பாஸ் கிடைக்க மேடையை விட்டால் வேறு வழி ஏது? ஹெல்சிங்கி பதிவில் ராப் வாசிப்பதைக் கேட்டபோதுதான், நடுவில் கிட்டார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும் அந்த நீளமான பகுதி காலூன்றி நிற்பது போல எனக்குப் பட்டது. அதற்கு முன்பு அது அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கஷ்டமான, நீளமான பாட்டு, தெரியும். ஆல்பத்தின் டைட்டில் பாட்டை வாசிக்கையில் முன்வரிசை கொட்டாவி விட்டதைப் பார்த்து நொந்துபோனதாகக் கிர்க் முன்பு சொல்லியிருக்கிறார். அப்புறம் அதே பாட்டை நீங்களே திரும்ப எடுத்து வாசிக்கவில்லையா? 2023-இல் தொடங்கிய சுற்றில் ஓர் ஊரில் இரண்டு நாள், ஒரு பாட்டுகூடத் திரும்ப வராது என்று வைத்தீர்கள். அந்த மாதிரிப் பட்டியலில் இதற்கு ஏழே முக்கால் நிமிடம் ஒதுக்குவது பெரிய விஷயமா என்ன? நீங்கள் எப்போதும் வாசிக்கிற 'என்டர் சாண்ட்மேன்' ஒரு நாள் லீவு எடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். கொட்டாவியும் விட மாட்டோம், சத்தியமாக.

இப்படிக்கு,
2011 அக்டோபர் 30 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் நின்ற ஒருவன்